கைகூப்பிய மன்னரும் கைகூப்பாத மகாராணியும்: சென்னை விக்டோரியா வெண்கலச் சிலையும் பொதுவிடச் சிலை வழக்கின் வரலாறும்

தாம்பரத்தில் குடியிருப்பவர் சேப்பாக்கம் போக இரண்டு வழிகள் உண்டு. கோட்டை வரை மின்சார ரயிலில் போய் அங்கே மாறலாம். இல்லையென்றால் பள்ளிக்கரணை வழியாகப் பேருந்தில் வேளச்சேரி வந்து, பறக்கும் ரயில் ஏறலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. அடையாற்றைத் தாண்டியதும் ரயிலுக்குக் கீழே பக்கிங்காம் கால்வாய் ஓடும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வழியாகச் சேப்பாக்கம் வரை கறுத்த தண்ணீரோடு அது கூடவே வரும். சேப்பாக்கத்தில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் அதை ஒட்டி விக்டோரியா மகாராணியின் வெண்கலச் சிலையும் இருக்கின்றன. பத்து நிமிட நடைக்குள் இருக்கும் அந்தக் கால்வாயையும் இந்தச் சிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றப் பல ஆண்டுகள் ஆயின.

சிலை 1887இல் வந்தது. மகாராணி பட்டமேறி 50 ஆண்டுகள் நிறைந்த பொன்விழா ஆண்டு அது. வடித்தவர் ஜோசப் எட்கர் போம். வியன்னாவில் பிறந்து லண்டனில் பேர்பெற்ற அரண்மனைச் சிற்பி. பணம் கொடுத்தவர் விசாகப்பட்டினத்து ஜமீன்தார் கோடே நாராயண கஜபதி ராவ். இவரையும் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜுவையும் ஒருவராகவே எண்ணிக்கொள்வது உண்டு. பின்னவர் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள விக்டோரியா பொது மண்டபத்தோடு தொடர்புடையவர். இருவரும் வேறு வேறு ஆட்கள். தேதியையும் பெயரையும் சொல்லிவிடுவதோடு சிலையைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் நின்றுவிடுகிறது. என் கேள்வி அதற்கு முந்தையது. ஆள்பவரின் உருவத்தைத் தெருமுனையில் பீடமேற்றி, வருவோர் போவோரைப் பார்த்தபடி நிறுத்தும் வழக்கம் நம்மிடம் எப்போதிருந்து இருக்கிறது?

மன்னரின் உருவத்தைச் செய்யும் வழக்கம் நம்மிடம் பழையது. அது இருந்த இடம்தான் வேறு. மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையில் சிம்மவிஷ்ணு தேவியருடன் அமர்ந்திருக்கிறார், மகேந்திரவர்மன் தம் தேவியரை அழைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு சிற்பங்களுமே கோயிலுக்குள் இருக்கின்றன. மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் நாயக்க மன்னர்கள் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். வயிறு சற்றுத் தள்ளியிருக்கும், நகைகள் நெருக்கமாக இருக்கும், கைகள் மட்டும் கூப்பியிருக்கும். திருமலையில் கிருஷ்ணதேவராயர் இரு தேவியருடன் நிற்கும் உலோக உருவங்களும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக அந்த வழியே போகும் பக்தர்களோடு அவரும் ஒரு பக்தராக நிற்கிறார்.

வெண்கலத்தில் மன்னர் உருவம் என்பதற்கு நம்மிடமுள்ள மிக உறுதியான சான்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. கோயில் நிர்வாகம் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான், ராஜராஜனுக்கும் தேவி உலோகமாதேவிக்கும் செப்புப் பிரதிமங்கள் செய்துவைத்ததை அது சொல்கிறது. மன்னர் உயிரோடு இருந்த காலம் அது, அவருடைய 29ஆம் ஆட்சியாண்டை ஒட்டியது. அந்தக் கோயிலின் கல்வெட்டுகள் உருவத்தை வார்த்த முறையையும் குறிக்கத் தவறுவதில்லை. உள்ளே வெற்றிடமில்லாமல் வார்த்ததை ‘கனமாக’ என்றும் உள்ளே கூடாக வார்த்ததை ‘பொள்ளலாக’ என்றும் பிரித்துச் சொல்கின்றன. ஒரு கோயில் நிர்வாகக் கணக்கில் சிற்பியின் தொழிற்சொல் இடம்பெற்ற காலம் அது. அந்த இரண்டு சொற்களையும் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும்.

அகமதாபாத் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து 2018இல் சிலைத் தடுப்புப் பிரிவினர் மீட்டு வந்து, ராஜராஜன், உலோகமாதேவி என்று அடையாளம் சொல்லிப் பெரிய கோயிலில் சேர்த்த இரண்டு உருவங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். மன்னர் உருவத்தின் உயரம் சுமார் இரண்டரை அடி, தேவியின் உயரம் அதைவிடக் குறைவு. மன்னரின் கைகள் கூப்பியிருக்கின்றன. இந்துமாக்கடலில் கப்பல் விட்ட அரசர் கோயிலுக்குள் இரண்டரை அடி உயரத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்.

நடுகல்லை இங்கே எதிர்வாதமாக வைக்கலாம். ஊர் எல்லையில், வழியோரத்தில், எல்லோரும் பார்க்கும்படி நின்றது அது. ஆனால் நடுகல் செத்தவனுக்கு. ஆநிரை மீட்கப் போய் வீழ்ந்தவனுக்கு ஊர் எடுத்த கல், படையல் வைத்து வணங்கிய கல். உயிரோடு ஆண்டுகொண்டிருப்பவர் தம் உருவத்தை ஊர்நடுவே நிறுத்திக்கொள்வது வேறு செயல். தமிழில் ‘சிலை’ என்ற சொல்லுக்கே பழைய பொருள் கல் என்பதுதான். ‘வெண்கலச் சிலை’ என்று இன்று தயங்காமல் சொல்கிறோம் என்றால், புதிதாக வந்த ஒரு பொருளுக்கு மொழி இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

பழையதும் புதியதும் சந்தித்த இடம் ஒன்று தஞ்சை அரண்மனையில் இருக்கிறது. தர்பார் மண்டபத்தில் நிற்கும் இரண்டாம் சரபோஜியின் வெண்பளிங்குச் சிலை ஐரோப்பியச் சிற்பியின் கைவேலை. துணியின் மடிப்பும் முகத்தின் வார்ப்பும் ஐரோப்பியப் பாணி. கைகள் மட்டும் கூப்பியிருக்கின்றன. வடித்த கை வெளிநாட்டினுடையது, நிற்கிற முறை நம்முடையது. அதற்குப் பிறகு இந்தச் சேர்க்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சென்னையில் கும்பினி அதிகாரிகளின் சிலைகள்தான் முதலில் வந்தன. திப்புவை 1792இல் பணியவைத்த காரன்வாலிஸுக்குத் தாமஸ் பேங்க்ஸ் செய்த பளிங்குச் சிலை 1800 வாக்கில் கோட்டைக்கு வந்தது. திப்புவின் இரு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சியை அதன் பீடத்தில் செதுக்கினார்கள். இன்று அது கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது கோட்டைக்குள் நின்ற சிலை. ஊர் பார்த்த சிலை என்றால் மன்றோவுடையதுதான். 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்த கவர்னர் தாமஸ் மன்றோவுக்கு பிரான்சிஸ் சாண்ட்ரி வார்த்த குதிரைவீரர் சிலை, எடை சுமார் 6 டன், 1839இல் தீவுத்திடல் அருகே நிறுத்தப்பட்டது. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் நேராகப் போனால் கத்திப்பாராவில் அது மவுண்ட் ரோடாகும். மவுண்ட் ரோடு முடிகிற இடத்தில் மன்றோ குதிரை மேல் இருப்பார்.

அந்தக் குதிரைக்குச் சேணமில்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்றும் அவமானத்தில் உயிரை விட்டார் என்றும் ஊரில் ஒரு கதை உலவுகிறது. இதே சாண்ட்ரி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்குச் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரும் சேணமில்லாத குதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பண்டைய ரோமாபுரிச் சிலைகளைப் பார்த்து எடுத்துக்கொண்ட பாணி அது, மறதி அல்ல. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. இங்கிலாந்தின் மன்னருக்கும் சென்னையின் கவர்னருக்கும் ஒரே சிற்பி ஒரே மாதிரியான குதிரையைக் கொடுத்தார். வரி வசூலித்த அதிகாரியை இங்கே அரசனாக நிறுத்த முடிந்தது. மன்றோ ரயத்துவாரி முறையால் குடியானவரிடையே நல்ல பெயர் எடுத்தவர் என்பதால் ஊர் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தது.

அசல் அரச உருவம் வரப் பின்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1858 நவம்பர் 1 அன்று மகாராணியின் பிரகடனம் வாசிக்கப்பட்டுக் கும்பினி ஆட்சி முடிந்தது. 1876இல் சட்டம் கொண்டுவந்து அவரை இந்தியாவின் பேரரசி ஆக்கினார்கள். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூடியது. அந்தத் தேதியைச் சென்னை மாகாணத்தில் நின்று பார்க்க வேண்டும். 1876இல் பருவமழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியிருந்தது. சேலத்திலும் பல்லாரியிலும் கடப்பையிலும் கூட்டம் கூட்டமாக மக்கள் ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தர்பார் முடிந்த சில நாட்களில் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்குக் கொடுக்கும் தானியத்தை நாளொன்றுக்கு 1 பவுண்டாகக் குறைக்கச் செய்தார். நம் கணக்கில் அரைக் கிலோகூட ஆகாது. அதை வைத்துக்கொண்டு பகல் முழுதும் மண் வெட்ட வேண்டும். சென்னை மருத்துவ அதிகாரிகளே அதை எதிர்த்தார்கள். பஞ்சத்தில் இறந்தவர்கள் தென்னிந்தியாவில் பல லட்சம்.

அந்த நிவாரண வேலைகளில் ஒன்றுதான் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே கால்வாய் வெட்டியது. தூரம் சுமார் 8 கிலோமீட்டர். வடக்கே எண்ணூர்ப் பக்கத்து நீர்வழியையும் தெற்கே கோவளம் பக்கத்து நீர்வழியையும் இணைக்க இந்தத் துண்டுதான் பாக்கியிருந்தது. பசித்து வந்தவர்கள் 1877–78இல் அதை வெட்டி முடித்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. வெட்டியவர்களின் பெயர் ஒன்றும் இல்லை. நான் ரயில் ஜன்னலில் பார்த்துக்கொண்டு வருவது அந்த எட்டுக் கிலோமீட்டரைத்தான். பஞ்சம் ஓய்ந்து பத்தே ஆண்டில், அதே கால்வாய்க்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் பேரரசியின் வெண்கலம் எழுந்தது.

அந்த இடத்தைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களின் நடுவில் கடற்கரையைச் சீர்செய்து, மெரினா என்று பெயரிட்டு, உலாவும் இடமாக ஆக்கியிருந்தார். சிசோம் கட்டிய செனட் மண்டபம் 1879இல் முடிந்திருந்தது. பட்டம் வாங்க வரும் இளைஞர், காற்று வாங்க வரும் உத்தியோகஸ்தர், வண்டியில் போகும் ஜமீன்தார் எல்லோரும் கடந்துபோகிற புள்ளி அது. அவர்கள் உள்ளத்தில் மகாராணி மேல் உண்மையான பற்று இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1858 பிரகடனத்தைத் தங்கள் உரிமைச் சாசனமாகக் கருதிய தலைமுறை அது. அதே 1887 டிசம்பரில் சென்னை மக்கீஸ் தோட்டத்தில் பதுருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸின் மூன்றாவது மாநாடு, மகாராணிக்கு விசுவாசம் சொல்வதில் யாருக்கும் பின்தங்கவில்லை. உரிமை கேட்ட கூட்டமும் சிலை வைத்த செல்வந்தரும் ஒரே ஆண்டில் ஒரே முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். அந்த முகத்துக்கு உரியவர் இந்தியாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

சிலைக்குப் பணம் தந்தது அரசு அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பம்பாயில் மகாராணியின் பளிங்குச் சிலையைத் தந்தவர் பரோடா மன்னர். இதே போம் பம்பாய்க்குச் செய்த ஏழாம் எட்வர்டின் குதிரைச் சிலையைத் தந்தவர் ஆல்பர்ட் சசூன் என்னும் வணிகர், ஆண்டு 1879. இங்கே கஜபதி ராவ். கோயிலுக்கு விளக்கும் நிலமும் எழுதிவைத்துக் கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொண்ட வள்ளல் மரபு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் சிலைப் பீடத்துக்கு இடம் மாறியிருக்கிறது. தென்னவன் மூவேந்தவேளான் செய்ததும் இதுதானே என்று கேட்கலாம். தம்மை ஆள்பவரின் உருவத்தைத் தம் செலவில் செய்துவைப்பது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. மூவேந்தவேளான் தம் அரசரைத் தெய்வத்தின் முன் கைகூப்பி நிறுத்தினார். கஜபதி ராவின் கொடையில் அரசியின் முன் நிற்பது நாம். கைகூப்ப வேண்டியவர் மாறிவிட்டார்.

வார்ப்பிலும் அந்த மாற்றம் தெரிகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, சுட்டு மெழுகை வடித்து, அந்த இடத்தில் உலோகத்தைக் கனமாக ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் உருவம் வெளிவரும் என்பதால் அப்படியே இன்னொன்று பிறக்காது. ஐரோப்பிய வார்ப்படச் சாலைகளின் பெருஞ்சிலை பொள்ளல் வார்ப்பு. துண்டுகளாக வார்த்து உள்ளிருந்து பிணைப்பார்கள். அதனால்தான் ஆளைவிடப் பெரிதாகச் செய்யவும், கப்பலேற்றவும், பல நாடுகளுக்கு ஒரே சிற்பியின் பட்டறையிலிருந்து அனுப்பவும் முடிந்தது. போமின் விக்டோரியா 1887இல் விண்ட்சர் கோட்டை வாசலிலும், 1888இல் சிட்னியிலும் நின்றார். உலகம் முழுதும் ஒரே அரசி என்று காட்டப் பொள்ளல் வார்ப்பு உதவியது. கடற்கரை உப்புக்காற்று செம்பை மெல்ல அரிக்கும், பச்சை பூக்கும். கோயிலில் எண்ணெய்க்காப்பும் அபிஷேகமும் கண்ட வெண்கலத்துக்கு அந்தக் கவலை வந்ததில்லை.

போம் இந்த மகாராணியை இன்னொரு உலோகத்திலும் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார். அதைச் சிலை பற்றிய எழுத்துகளில் நான் பார்த்ததில்லை. 1887 பொன்விழாவுக்கு வெளியான தங்க நாணயத்தில் இருக்கும் அரசியின் தலையைச் செய்தவர் அவர்தான். உச்சியில் சின்னஞ்சிறு கிரீடம், பின்னால் தொங்கும் முக்காடு. இங்கிலாந்தில் அந்தக் கிரீடத்தைப் பரிகசித்தார்கள், 1893இல் மாற்றியும் விட்டார்கள். நம் பெண்கள் பரிகசிக்கவில்லை. சாவரின் என்ற அந்த நாணயத்தைக் காது வைத்துக் கோத்துக் காசுமாலையாகப் போட்டுக்கொண்டார்கள். அதன் எடை 7.98 கிராம். சாவரின் தமிழில் சவரன் ஆனது, பவுன் என்றும் வழங்கியது. நாணயம் புழக்கத்திலிருந்து போன பிறகும் எடை நிலைத்தது. இன்று காலையில் குரோம்பேட்டை நகைக்கடை வாசலில் எழுதிவைக்கிற ‘ஒரு சவரன்’ 8 கிராம் என்றால், அது அந்த நாணயத்தின் கனம். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காசு இருந்தது. முக்காடு தேய்ந்து வழவழப்பாகி, கிரீடம் மட்டும் விரலுக்குத் தட்டுப்படும். கடற்கரையில் பீடத்தின் மேல் எட்டாமல் நின்றவரைப் பாட்டி கழுத்தில் போட்டிருந்தார், கஷ்டம் வந்தபோது அடகுக்கும் அனுப்பினார்.

அரசியைத் தொடர்ந்து மகன் ஏழாம் எட்வர்டுக்கும் பேரன் ஐந்தாம் ஜார்ஜுக்கும் சென்னையில் சிலைகள் வந்தன. அவற்றில் விரித்துச் சொல்ல அதிகமில்லை, ஒரே அச்சு. எதிர்ப்பு வேறு சிலையின் மேல் திரும்பியது. பம்பாயில் 1896இல் சாபேகர் சகோதரர்கள் மகாராணி சிலைக்கே தார் பூசினார்கள். சென்னை அப்படிச் செய்யவில்லை. இங்கே கோபம் மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சருக்கு எதிரே நின்ற கர்னல் நீலின் மேல் இருந்தது. 1857 எழுச்சியை அடக்கும்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் நீல் நடத்திய கொலைகளை நாடு மறக்கவில்லை. 1927இல் நீல் சிலை சத்தியாகிரகம் நடந்தது. திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்று நடத்தினார். தென்மாவட்டங்களிலிருந்து தொண்டர்கள் வந்து சிறை சென்றார்கள். சிலையை நகர்த்த 1937இல் ராஜாஜி அமைச்சரவை வர வேண்டியிருந்தது, அதன் பிறகு நீல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனார். ஆளை வைத்துச் சிலையை எடைபோட்ட அந்தத் தொண்டர்களின் தெளிவை நான் மதிக்கிறேன். கொலைகாரனின் சிலை வேண்டாம் என்றார்கள். தெருவில் சிலையே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை.

விடுதலைக்குப் பின் மற்ற நகரங்கள் வேகமாக இயங்கின. பம்பாய் 1965இல் ‘கறுப்புக் குதிரை’ என்று வழங்கிய எட்வர்டின் குதிரைச் சிலையைப் பைகுல்லாவுக்கு அனுப்பியது. டெல்லி 1968இல் இந்தியா கேட் விதானத்திலிருந்து ஐந்தாம் ஜார்ஜை அகற்றியது. கல்கத்தாவின் குதிரைவீரர்கள் பாரக்பூர் போய்ச் சேர்ந்தார்கள். சென்னையில் மன்றோ அதே இடத்தில் இருந்தார், விக்டோரியாவும் இருந்தார். சென்னை செய்தது வேறு. அதே கடற்கரைச் சாலையில் அவரைச் சுற்றிப் புதிய வெண்கலங்களை எழுப்பியது.

1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை வந்தது. கல்லைப் புரட்டும் நான்கு உடம்புகள், நரம்பு புடைத்த கைகள். நிவாரணக் கால்வாய் வெட்டியவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. ஆனால் உழைப்பாளர் சிலையை நான் பார்க்கும்போது என் மனத்தில் வருபவர்கள் அவர்கள்தான். பெருஞ்சிலையைப் பொள்ளலாக வார்க்கும் ஐரோப்பிய முறை அதற்குள் சென்னைக் கலைப்பள்ளியின் கைக்கு வந்திருந்தது. 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., போப், கால்டுவெல், வீரமாமுனிவர், கண்ணகி என்று வரிசையாகச் சிலைகள் கடற்கரையில் எழுந்தன. வரிசையில் ஒரு முடிமன்னர் இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். புலவரும் போராளியும் துறவியும் அயல்நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்றவரும் இருக்கிறார்கள், அரசனைக் கேள்வி கேட்ட பெண் இருக்கிறாள். கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பும், 2006இல் அது திரும்ப வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். விக்டோரியாவுக்காக அப்படி ஒரு குரல் எந்தப் பக்கத்திலிருந்தும் எழுந்ததில்லை. ஊர் அவரை விட்டுவைத்திருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். வெறுக்கவும் போற்றவும் யாருக்கும் தேவைப்படாத இடத்துக்கு அவர் போய்விட்டார்.

பீடம் மட்டும் பெருகியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், மேடவாக்கம் என்று எங்கள் பக்கத்துச் சாலைகளில் தலைவர்கள் நிற்கிறார்கள். பிறந்தநாளில் மாலை விழுகிறது, தேர்தல் வந்தால் துணி போர்த்துகிறார்கள், கலவரம் வருமோ என்று அஞ்சிச் சில சிலைகளைக் கம்பிக்கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். பொதுச் சாலைகளில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தடைவிதிக்கும் அளவுக்கு வழக்கம் வளர்ந்திருந்தது. வெளிநாட்டு அரசிக்காக வந்த வடிவத்தில், ஒருகாலத்தில் அந்தத் தெருவில் நடக்கவே உரிமை மறுக்கப்பட்டவர்களின் தலைவர் இன்று சட்டப் புத்தகத்தோடு நிற்கிறார். இதை இரவல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அம்பேத்கருக்குக் கோயில் மண்டபத்தில் இடம் கிடைத்திருக்காது. தெருதான் இடம் கொடுத்தது.

கடைசியாக, தமிழ் மன்னர் ஒருவரே இந்த வடிவத்துக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். ராஜராஜ சோழனுக்குப் பெரிய கோயில் வளாகத்துக்குள் சிலை வைக்க வேண்டும் என்று தமிழக அரசு விரும்பியது. கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தது, அனுமதி கிடைக்கவில்லை. 1972இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, சிலை கோயிலுக்கு வெளியே நிறுவப்பட்டது. 2018இல் அகமதாபாத்திலிருந்து வந்த சிறிய வெண்கலம் உள்ளே போனது. இன்று தஞ்சையில் பேருந்தை விட்டு இறங்கினால் முதலில் பார்ப்பது சாலையோரம் உயர்ந்த பீடத்தில் நிற்கும் ராஜராஜனை. அகழியைத் தாண்டி, கேரளாந்தகன் வாயிலும் ராஜராஜன் வாயிலும் கடந்து உள்ளே போனால் இரண்டரை அடி உயரத்தில் கைகூப்பி நிற்பவர் இருக்கிறார்.